மொட்டை மாடி யூனிவர்சிட்டி

எங்கள் வீட்டில் பி.காம். படித்தவர்கள் மூன்றரை பேர். நான், என் தங்கை, மொட்டை மாடி சின்டெக்ஸ் டாங்க். அரை, அம்மா.

போன வாரம் பிளம்பர் வந்தார். டாங்க்கில் விரிசல். (எந்தக் கம்பெனி டாங்க்காக இருந்தாலும் எங்கள் ஊரில் அதற்குப் பெயர் சின்டெக்ஸ்தான்.) எம்-சீல் வைத்துப் பார்த்தும் நிற்கவில்லை. "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுங்க சார். பிளாஸ்டிக்காரன் முந்நூறு ரூபா குடுப்பான்" என்றார். சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். மாடிப்படியில் தங்கையின் குரல்.

"டாங்க்கை யாராச்சும் தொட்டீங்க, அவ்ளோதான்!"

பிளம்பர் என்னைப் பார்த்தார். ஓட்டை டாங்க்குக்காகச் சண்டைக்கு வருகிற பெண்ணை அவர் சர்வீஸில் பார்த்ததில்லை போலிருக்கிறது. அவருக்கு 2020-ல் நடந்த கதை தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் மீஞ்சூர். சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினால் எண்ணூர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம் தாண்டி வரும். காஞ்சிபுரத்தைப் போலவே ஏகாம்பரநாதரும் வரதராஜப் பெருமாளும் இங்கேயும் இருப்பதால் வட காஞ்சி என்று பெயர். ஆனால் கோயிலுக்கு வருகிற பக்தர்களைவிடத் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள்தான் எங்கள் ஊர் வழியாக அதிகம் போகும்.

தங்கை அப்போது வட சென்னையில் ஒரு காலேஜில் பி.காம். இரண்டாம் வருஷம். காலை வண்டி, லேடீஸ் கம்பார்ட்மென்ட், ஐந்து பேர் கொண்ட ஒரு செட். மீஞ்சூரில் இவள் ஏறுவாள். அத்திப்பட்டில் ஒருத்தி, எண்ணூரில் இரண்டு பேர், கத்திவாக்கத்தில் ஒருத்தி. அசைன்மென்ட் காப்பி அடிப்பது, டிபன் பாக்ஸ் மாற்றிக்கொள்வது, அழுவது, சமாதானமாவது எல்லாம் கொருக்குப்பேட்டை வருவதற்குள் முடிந்துவிடும். "கிளாஸ்ல புரியாததை எல்லாம் எண்ணூர்க்காரிதான்ணா டிரெயின்ல புரிய வைப்பா" என்பாள். நான் காதில் வாங்கியதில்லை.

2020 மார்ச் 17-ம் தேதி தமிழ்நாட்டில் காலேஜ்களை மூடினார்கள். மாதக் கடைசி வரைக்கும்தான் என்று சொன்னார்கள். "பதினஞ்சு நாள் லீவு!" என்று குதித்துக்கொண்டு வந்தாள். 25-ம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு. மின்சார ரயில் நின்றுபோனது. பிறந்ததிலிருந்து ரயில் சத்தத்தோடு தூங்கிப் பழகிய எங்களுக்கு, சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை.

ஜூலை 23-ல் அறிவிப்பு வந்தது. கடைசி வருஷம் தவிர மற்றவர்களுக்கு அந்த செமஸ்டர் பரீட்சை ரத்து. ஆகஸ்ட் 26-ல் அதைவிடப் பெரிய குண்டு: அரியர் பரீட்சைக்குப் பணம் கட்டியிருந்தாலே பாஸ், கடைசி செமஸ்டர் மட்டும் விலக்கு. ஊரெல்லாம் முதலமைச்சரை வாழ்த்தி போஸ்டர். இன்கம் டாக்ஸ் பேப்பரை மூன்று தடவை எழுதிப் பாஸ் செய்தவன் நான். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. (அந்த அறிவிப்பு ஹைகோர்ட் வரை போனது தனிக்கதை. எனக்குக் கொஞ்சம் ஆறுதலான கதை.)

தங்கை பரீட்சை எழுதாமலே மூன்றாம் வருஷத்துக்குப் போனாள். ஆகஸ்டில் ஆன்லைன் கிளாஸ் தொடங்கியது.

வீட்டில் நெட் போன் ஒன்றுதான். என்னுடையது. அம்மாவிடம் இருந்தது பட்டன் போன். சிக்னலோ, வீட்டுக்குள் ஒரு புள்ளி, வாசலில் இரண்டு புள்ளி, மொட்டை மாடியில் டாங்க் நிழலில் மட்டும் நாலு புள்ளி. ஏன் அங்கே மட்டும் என்று எந்த இன்ஜினியரைக் கேட்டாலும் ஒரு காரணம் சொல்கிறார், ஒவ்வொருவரும் வேறு வேறு காரணம். ஆக, பாய், தலையணை, ஒரு குடை, தண்ணீர் பாட்டில். யூனிவர்சிட்டி ரெடி.

கிளாஸ் எப்படி நடந்தது என்று அந்த வருஷம் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் பத்து நிமிஷம் "மேம் ஆடிபிளா?" "இல்ல மேம்." "இப்ப?" "கட் ஆகுது மேம்." அடுத்த பத்து நிமிஷம் அட்டெண்டன்ஸ். அதற்கப்புறம் பாடம் சூடு பிடிக்கும்போது நாற்பதாவது நிமிஷம் வந்துவிடும். காசு கட்டாத ஜூம் மீட்டிங் நாற்பது நிமிஷத்தில் தானே முடிந்துவிடுமே! ஒருநாள் காஸ்ட் அக்கவுண்ட்ஸ் மேடம் கேட்டாராம்: "யாரும்மா அது, மைக்ல லாரி ஓட்டுறது?" லாரி இல்லை, எங்கள் வீட்டு கிரைண்டர். அம்மா இட்லி மாவு அரைத்து பாக்கெட் போட்டு விற்கிறாள். அப்பா போன பிறகு பாதி வீடு அந்த மாவில்தான் ஓடியது.

மீதிப் பாதி நான். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏப்ரலிலிருந்து அரைச் சம்பளம், வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், மூன்று நாள் வீடு. வீட்டில் இருக்கும் நாளில் முதலாளிக்கு நான் இன்னும் அதிகமாகத் தேவைப்பட்டேன். "பில்லை வாட்ஸ்அப்ல போடு." "பார்ட்டி நம்பர் குடு." ஜி.எஸ்.டி. போர்ட்டலில் கம்பெனிக்குப் பதிவாகியிருந்ததும் என் நம்பர்தான்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நல்லவனாகத் தெரிய ஆசைப்படுகிறேன். முடியவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அக்டோபர் 20, செவ்வாய்க்கிழமை. கணக்கு எழுதுகிறவர்களுக்கு 20-ம் தேதி என்றால் அடிவயிறு கலங்கும். ஜி.எஸ்.டி.ஆர்-3பி கடைசி நாள். அன்றைக்குக் காலை 11 மணிக்கு அவளுக்கு இன்டர்னல் டெஸ்ட். கூகுள் ஃபார்மில் 25 கேள்வி, 30 நிமிஷம்.

11.12-க்கு முதலாளி என் நம்பருக்குக் கூப்பிட்டிருக்கிறார். கட் பண்ணியிருக்கிறாள். மறுபடி கூப்பிட, மறுபடி கட். மூன்றாவது தடவை அம்மாவின் பட்டன் போனுக்கே வந்துவிட்டார். "ஓடிபி வந்திருக்கும் பாருய்யா. லாஸ்ட் டேட்டு!"

இரண்டு இரண்டு படியாகத் தாண்டி மாடிக்கு ஓடினேன்.

"ஒரு நிமிஷம் குடு பாப்பா."

"அண்ணா, டெஸ்ட்ணா. பதினேழு முடிச்சிட்டேன். இன்னும் எட்டுதான்."

"ஒரே நிமிஷம்."

போனை வாங்கினேன் என்று எழுதத்தான் ஆசை. பிடுங்கினேன். ஓடிபி வந்திருந்தது. சொல்வதற்குள் காலாவதி ஆனது. இன்னொன்று வந்தது. அதை முதலாளி தப்பாக அடித்தார். மூன்றாவது வேலை செய்தது. கூடவே போன மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டில் ஒரு சந்தேகம் கேட்டார். போனை நான் திருப்பிக் கொடுத்தபோது மணி 11.31. ஃபார்ம் மூடியாகிவிட்டது. அவள் குறித்து வைத்த பதினேழும் போய், பக்கம் வெள்ளையாக இருந்தது.

ரிட்டர்ன் ஒருநாள் லேட்டானால் அபராதம் எவ்வளவு தெரியுமா? 50 ரூபாய். வட்டி தனி.

அவள் கத்தவில்லை. சாப்பிட்டாள், பாத்திரம் தேய்த்தாள். ராத்திரி பாய் போடும்போது சாதாரணமாகக் கேட்டாள்:

"நான் காலேஜ்ல இருந்திருந்தா, உள்ள வந்து என் பெஞ்சைத் தூக்கிட்டுப் போயிருப்பியாண்ணா?"

எனக்குப் பதில் வரவில்லை. நான் மூன்று வருஷம் காலேஜ் போனேன். எங்கள் அப்பாவுக்கு அது எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. காலையில் வண்டி ஏறிவிட்டால் சாயங்காலம் வரை என்னைக் கடைக்கு அனுப்ப யாராலும் முடியாது. ஒழுங்காகப் படித்தேனா என்பது வேறு விஷயம், ஆனால் அந்த ஐந்து மணி நேரம் என்னுடையது. இவளுக்கு அது போய்விட்டது. காதில் மேடம் 'பிராசஸ் காஸ்டிங்' சொல்லிக்கொண்டிருக்கும்போது கீழேயிருந்து அம்மா, "பாப்பா, ஒரு கொத்து கறிவேப்பிலை வாங்கிட்டு வா" என்பாள். ஹெட்போனோடு போய் வாங்கி வருவாள். அட்டெண்டன்ஸில் அவள் பிரசன்ட். கிளாஸில் பாதிப் பேர் இப்படித்தான் பிரசன்ட்டாக இருந்திருப்பார்கள்.

டெஸ்ட் விஷயமாக மேடத்துக்கு மெசேஜ் போட்டாள். முந்தின வாரம்தான் மேடம், "நெட்வொர்க் பிராப்ளம்னு எல்லாரும்தான் சொல்றீங்க" என்று சலித்துக்கொண்டிருந்தார். அதனால் இவள் உண்மையை எழுதிவிட்டாள்: "நெட்வொர்க் இல்ல மேம். அண்ணன்."

ராத்திரி 11.20-க்குப் பதில் வந்தது. வாய்ஸ் மெசேஜ், கிசுகிசுப்பான குரலில். பக்கத்தில் யாரோ தூங்குகிறார்கள் என்று தெரிந்தது. "என் வீட்ல பையன்மா. அஞ்சாவது படிக்கிறான். நான் கிளாஸ் எடுக்கிற நேரம் தவிர பகல் பூரா போன் அவன்கிட்டதான். நோட்ஸ் எல்லாம் நான் ராத்திரிதான் அனுப்ப முடியுது. நாளைக்குப் பத்து மணிக்கு மேல கூப்பிடு, வாயாலயே கேட்டுடறேன்."

மறுநாள் ராத்திரி மாடியில் அந்த டெஸ்ட் நடந்தது. மேடம் கேட்க, இவள் சொல்ல, நான் டாங்க்குக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். 25-க்கு 21. நான் மனசுக்குள் எழுதிப் பார்த்தேன். எனக்கு 9.

அந்த வாரமே அம்மா சீட்டை எடுத்தாள். இருபது பேர், ஆளுக்கு 500, பத்தாயிரம் ரூபாய் ஏலச் சீட்டு. ஆறாவது மாதம். 2,400 தள்ளி 7,600-க்கு எடுத்துவிட்டு வந்து நிற்கிறாள். எனக்குப் பகீரென்றது. பி.காம். ஆயிற்றே! பேப்பர் பேனா எடுத்து, இதற்கு வட்டி எத்தனை சதவீதம் விழுகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். "இன்னும் பத்து மாசம் பொறுத்திருந்தா தள்ளு முந்நூறு நானூறுல முடிஞ்சிருக்கும்மா!"

"பத்து மாசம் கழிச்சு அவ படிப்பு முடிஞ்சிருக்கும்டா" என்றாள் அம்மா.

போன் விலை 8,260. அசல் விலை 7,000, மிச்சம் ஜி.எஸ்.டி. செல்போனுக்கு 12 சதவீதமாக இருந்த வரியை 2020 ஏப்ரல் 1-லிருந்து 18 ஆக்கியிருந்தார்கள். மார்ச்சில் வாங்கியிருந்தால் 7,840. அம்மாவின் பணம் போக மீதி 660 ரூபாயை நான் போட்டேன். 'தங்கச்சிக்கு போன் வாங்கிக் குடுத்தேன்' என்று நான் வெளியில் சொல்லிக்கொள்வதெல்லாம் அந்த 660-ஐ வைத்துத்தான்.

போன் வந்தது. கூடவே ஒரு பார்ட்னரும் வந்தான். பக்கத்து வீட்டுப் பையன். பொன்னேரி அரசுக் கல்லூரியில் படிக்கிறவன். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படித்ததால் அவனிடம் இலவச லேப்டாப் இருந்தது. இவள் மெட்ரிகுலேஷன், லேப்டாப் கிடையாது. அவனிடம் லேப்டாப் உண்டு, நெட் இல்லை. இவளிடம் நெட் உண்டு, எழுத்து கண்ணுக்குத் தெரிகிற ஸ்கிரீன் இல்லை. பண்டமாற்று. ஹாட்ஸ்பாட் இவளுடையது, லேப்டாப் அவனுடையது. டாங்க்குக்குக் கிழக்கே அவன், மேற்கே இவள். அவன் இவளை "அக்கா அக்கா" என்றுதான் கூப்பிடுவான். இருந்தாலும் எதிர் மாடியில் துணி காயப்போடுகிற நேரம் எல்லா வீட்டிலும் திடீரென்று ஒன்றாகிவிட்டது. அம்மா பார்த்தாள். மறுநாளிலிருந்து அரிசி முறத்தோடு நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

அரிசியில் கல் பொறுக்கத்தான் உட்கார்ந்தாள். காது சும்மா இருக்குமா?

"ஏண்டா, டெப்ரிசியேஷன்னா நம்ம கிரைண்டர் மாதிரிதானே? வாங்கும்போது அத்தனை ரூபா, இப்ப எவனும் ஐந்நூறுக்குக்கூடக் கேக்க மாட்டான்."

"ஆமாம்மா."

"அப்ப அதையும் மாவு விலையில சேக்கணும்ல?"

நான் எட்டு வருஷமாக அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். அம்மா மாவுக்கு இதை யோசித்ததில்லை. மார்ஜினல் காஸ்டிங் நடந்த வாரம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். பாக்கெட் 30 ரூபாய். அரிசி, உளுந்து, கவர் எல்லாம் சேர்த்து 24. கையில் நிற்பது 6. மாசம் கரண்ட்டும் கிரைண்டர் தவணையும் 900. வகுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நூத்தம்பது பாக்கெட் வரைக்கும் நான் ஊருக்கு ஊழியம் பண்றேன். நூத்தம்பத்தி ஒண்ணுலதான் எனக்கு." மறுநாள் பாக்கெட் 32 ரூபாய். பிரேக் ஈவன் என்ற வார்த்தை மட்டும் அவளுக்கு இன்றைக்கும் வாயில் நுழையாது.

டிசம்பர் 7-ம் தேதி கடைசி வருஷத்துப் பிள்ளைகளுக்குக் காலேஜ் திறந்தார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பெண்களை மறுபடி மின்சார ரயிலில் ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். முதல் நாள் புது மாஸ்க், பழைய டிபன் பாக்ஸ். சாயங்காலம் திரும்பி வந்தவளின் முகம் சரியில்லை.

"என்ன பாப்பா?"

"ரெண்டு பேர்தான்ணா. நானும் எண்ணூர்க்காரியும்."

அத்திப்பட்டுப் பெண்ணுக்கு ஊரடங்கிலேயே கல்யாணம். செலவு கம்மியாக முடியும் என்று வீட்டில் அவசரப்பட்டுவிட்டார்கள். எண்ணூரில் இன்னொருத்தி இன்னும் பயந்துகொண்டு வீட்டிலிருந்தே படிக்கிறாள். கத்திவாக்கத்துப் பெண் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் பூட்டுகிற கம்பெனியில் சேர்ந்துவிட்டாள், அங்கேயே ஹாஸ்டல். நைட் ஷிப்ட் முடித்து வந்து, கிளாஸை ஆன் பண்ணித் தலைமாட்டில் வைத்துவிட்டுத் தூங்குவாளாம். நல்ல போன் இல்லாமல் கிளாஸ் போக முடியவில்லை என்றுதான் அந்த வேலைக்கே போனாள். நாளைக்கு எத்தனை போன் பூட்டுகிறாளோ.

2021 ஜனவரியில் அரசாங்கம் 9,69,047 காலேஜ் பிள்ளைகளுக்கு ஏப்ரல் வரை தினம் 2 ஜிபி இலவச டேட்டா என்று அறிவித்தது. பக்கத்து வீட்டுப் பையனுக்கும் கார்டு வந்தது. அதுவரை இவளிடம் வாங்கிய நெட்டை வட்டியோடு திருப்பிக் கொடுத்தான். மார்ச்சில் இரண்டாவது அலை வந்து காலேஜ் மறுபடி மூடியபோது ஹாட்ஸ்பாட் அவனுடையது. அம்மா முறத்தோடு மறுபடி மாடிக்கு வந்தாள்.

கடைசி செமஸ்டர் பரீட்சையும் வீட்டில்தான். கேள்வித்தாளைப் போனில் இறக்கி, பேப்பரில் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, ஒரே ஃபைலாக்கி ஏற்ற வேண்டும். இதற்குத்தான் கேம்ஸ்கேனர் என்று ஒரு ஆப் இருந்தது. 2020 ஜூனில் தடை செய்த 59 சீன ஆப்களில் அதுவும் போய், பிள்ளைகள் வேறொன்று தேடிப் பழகியிருந்தார்கள்.

அன்றைக்கும் தேதி 20 என்று சொன்னால் கதை விடுகிறேன் என்பீர்கள். 19.

காலையில் ஏரியாவில் கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் அவள் போனில் நாலு புள்ளியும் போனது. பையனின் கார்டும் அதே கம்பெனி. வேறு டவரில் உயிரோடு இருந்தது என் போன் மட்டும்தான். ஹாட்ஸ்பாட் போட்டோம். ஒரு சிக்கல். என்னுடையது பழைய மாடல். கால் வந்தால் நெட் நின்றுவிடும். அன்றைக்கு யார் கால் வரும் என்று எனக்குத் தெரியாதா?

என் நம்பருக்கு வருகிற கால் எல்லாவற்றையும் அம்மாவின் பட்டன் போனுக்கு டைவர்ட் பண்ணினேன். பட்டன் போனைக் கொண்டுபோய் அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. மூடியைப் போட்டு மேலே உட்கார்ந்துகொண்டாள்.

பத்தரைக்கு டிரம் முனகியது. நின்றது. மறுபடி முனகியது. அம்மாவுக்குச் சிரிப்பு. எனக்கு வயிற்றைக் கலக்கியது. சம்பளம் அப்போதுதான் முழுசாக வர ஆரம்பித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. இந்த வேலை போனால் அடுத்த வேலை எங்கே என்று எனக்குத் தெரியாது. மாடியில் டாங்க்கின் மேல் பேப்பரை வைத்துத் தங்கை எழுதிக்கொண்டிருந்தாள். ரஃப் ஒர்க் போடத் தாள் போதாமல் கரித்துண்டால் டாங்க்கின் மேலேயே வகுத்தல் போட்டிருந்தாள். (அது இன்னும் இருக்கிறது. பிளம்பர் கவனிக்கவில்லை.)

எழுதி முடித்தாள். பன்னிரண்டு பக்கம். படம் பிடித்தாள். ஏற்றினாள். வட்டம் சுற்றியது. எழுபது சதவீதத்தில் நின்று, யோசித்து, மறுபடி சுற்றியது. நான், பையன், தங்கை மூன்று பேரும் மூச்சு விடாமல் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவழியாகப் பச்சை டிக் விழுந்தது.

கீழே போய், அம்மாவை எழுப்பிவிட்டு, அரிசியைக் கிளறிப் போனை எடுத்தேன். பதினோரு மிஸ்டு கால். பன்னிரண்டாவதாக அப்போது அடித்தது.

"யோவ், காலையிலேர்ந்து எங்கய்யா போய்த் தொலைஞ்சே? பதினோரு தடவை கூப்பிட்டுட்டேன்!"

"பரீட்சை சார்."

"பரீட்சையா? யாருக்கு?"

அம்மாவைப் பார்த்தேன். புடவையில் ஒட்டிய அரிசியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுக்கு சார்" என்றேன்.